திடலில் நட்ட 40 கன்றில் 6 தான் மிஞ்சியிருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

செம்மண் சாலை:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது மலேசியாவின் வடக்கே கெடாவில் ஒரு தோட்டப் பட்டணம். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, அதனால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களில் பல தாமான் என்கிற இந்த வீடமைப்புப் பகுதிக்குத்தான் வந்தன. வரிசை வீடுகளுக்கு நடுவே ஒன்றரை ஏக்கரில் ஒரு திடல். ஊஞ்சல் அறுந்துபோய்ச் சட்டம் மட்டும் நிற்கிறது. ஒரு சறுக்கு, வாக்காப் என்கிற கூரை போட்ட திண்ணை ஒன்று, பாதி மண்ணில் புதைத்த டயர்கள், தோட்டக் காலத்திலிருந்தே நிற்கும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதுதான் எங்கள் பூங்கா.

இந்த ஜனவரியில் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் பொதுவேலை) வைத்தோம். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். கோவில் நிர்வாகம், சூராவ் என்கிற சிறு தொழுகை இடத்து ஆட்கள், கடைத்தெருவிலிருந்து சீனர்கள் சிலர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். ஒரு லோரி நிறையக் குப்பை அள்ளினோம். நகராண்மைக் கழகம் கொடுத்த 40 தேக்கோமா கன்றுகளை நட்டோம். பதினொரு மணிக்கு நாசி லெமாக் பொட்டலத்தோடு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தபோது மனசு நிறைந்திருந்தது. இங்கே குடிவந்து 14 வருஷம் ஆகிறது. மூன்று இனத்தாரும் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் கன்றுகளை எண்ணினேன். 40இல் 6.

மறுபடி ஒரு கோத்தோங் ரோயோங் வைக்கலாம், கன்று வாங்க வீட்டுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வசூலிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஏன் செத்தது என்று தெரியாமல் இன்னொரு 40ஐக் கொண்டுபோய் அதே குழியில் வைக்க முடியாது. உங்கள் ஊர்த் திடலையோ பூங்காவையோ நீங்களே பார்த்துக்கொள்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கட்டை ஒன்பது:

அண்ணே, முதல் தவறு மாதத்திலேயே இருக்கிறது. நம்ம வடக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலம். ரப்பர் மரமே இலையைக் கொட்டிவிட்டு நிற்கிற நேரம். நர்சரியில் காலையும் மாலையும் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றை அந்த வெயிலில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் அப்பா தோட்டத்து நர்சரியில் வேலை செய்தவர். மறுநடவுக்குக் கன்று வெளியே போகிற நாளை மழையைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். நமக்கு நடவு மழை என்றால் தீபாவளிக்கு முன்னும் பின்னும் கொட்டுகிற மழைதான். செப்டம்பரில் குழி வெட்டி ஆறப் போடுங்கள், அக்டோபரில் கன்றை இறக்குங்கள். மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஜனவரியில் நட்டே ஆக வேண்டும் என்றால், அடுத்த மூன்று மாதம் யார் வாளி தூக்குவது என்று முடிவு செய்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும்.

நூறு பேர் வந்தார்கள் என்றீர்கள். மறு ஞாயிறு எத்தனை பேர்?

செம்மண் சாலை:

மூன்று பேர். அதற்கடுத்த ஞாயிறு நானும் பக்கத்து வீட்டுப் பாக்சிக்கும் (மலாய்ப் பெரியவர்) மட்டும். மூன்றாவது வாரம் எனக்கு இரவு ஷிப்ட் வந்துவிட்டது, பாக்சிக் தனியாக நாலு வாளி ஊற்றியிருக்கிறார். மிஞ்சிய ஆறும் அவர் வீட்டுப் பக்கம் இருக்கிற கன்றுகள்தான்.

பால்மரத்து மகள்:

நானும் இதே தாமான்தான், அண்ணே. அம்மாவுக்கு 71 வயது, 30 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இந்த இழையை அவரிடம் படித்துக் காட்டினேன். "வா, போய்ப் பாப்போம்" என்று மாலையே கிளம்பிவிட்டார்.

ஒவ்வொரு கன்றின் அடியிலும் குனிந்து, காய்ந்த புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். எட்டாவது கன்றில் நின்றார். தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பட்டை சுற்றிலும் போயிருந்தது. உள்ளே கட்டை வெளுத்து, வழவழவென்று இருந்தது. அம்மா கட்டைவிரல் நகத்தால் அதற்கு மேலே கொஞ்சம் சுரண்டினார், கீழே கொஞ்சம் சுரண்டினார். மேலே பழுப்பு. கீழே ஒரு கீற்றுப் பச்சை. "இது தண்ணி இல்லாம சாகல. புல்லு வெட்டுற மெசினு கயிறு சுத்திடுச்சு" என்றார்.

"நாங்க பாதி மரத்துலதான் கத்தி வெப்போம், மறுபாதியத் தொட மாட்டோம். இன்னிக்கு வெட்டினா நாளைக்கு விட்டுடுவோம். கட்டை தெரியிற மாதிரி ஆழமா வெட்டிட்டா மண்டோரு விட மாட்டாரு. இங்க பாரு, முழுச் சுத்து." இலையில் உண்டாகிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, சுற்றிலும் அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும் என்று நான் பள்ளியில் படித்திருக்கிறேன். படித்து என்ன, அந்த எட்டாவது கன்றைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், குனிந்து பார்க்கவில்லை.

செத்த 34ஐயும் பார்த்தோம். 13இல் கயிறு பட்ட தழும்பு இருந்தது. மற்றவை காய்ந்தவை. அதில் இரண்டைப் பிடுங்கினோம், வேரைச் சுற்றிக் கறுப்புப் பை அப்படியே இருந்தது. பையோடு நட்டிருக்கிறோம். அது பிள்ளைகள் நட்ட வரிசை. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீலச் சட்டை:

புல் வெட்டுவது என் தொழில். உங்கள் ஊரில் இல்லை, பேராக்கில். அந்தத் தாய் சொன்னது முழுக்க உண்மை, ஒரு வார்த்தை கூட மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

எங்களுக்குப் பரப்பளவுக்குத்தான் கூலி. மழை இறங்குவதற்குள் மூன்று திடலை முடிக்க வேண்டும். முட்டி உயரப் புல்லில் விரல் மொத்தக் கன்று இருந்தால், முகமூடி போட்டுக்கொண்டு மெசினை வீசுகிறவனுக்கு அது தெரியாது. நைலோன் கயிறு பட்டு ஒரு நொடி சத்தம் மாறும். அப்போதுதான் தெரியும், அதற்குள் பட்டை போயிருக்கும். எனக்கும் அது நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் கொத்தி வையுங்கள். புல் இல்லாத இடத்துக்கு மெசின் வராது, வர வேண்டிய அவசியமே இல்லை. பழைய பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காக ஒரு பக்கம் பிளந்து, தண்டுக்குக் காப்பாகப் போடுங்கள். தண்டை இறுக்காத அகலம் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு குச்சி, அதன் நுனியில் வெள்ளைச் சாயம். அப்புறம், புல் வெட்ட வருகிற ஆளிடம் ஒரு தடவை நேரில் பேசுங்கள். தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்து, "தம்பி, இங்கே கன்று இருக்கு" என்று காட்டுங்கள். பத்து வருஷத்தில் என்னிடம் அப்படி வந்து பேசியவர் ஒரே ஒரு பாட்டி. அவர் நட்ட மாமரம் இன்றைக்குக் காய்க்கிறது.

மழைமரம்:

நீலச் சட்டை அண்ணா எழுதியதை அச்சடித்து எல்லாத் திடலிலும் ஒட்ட வேண்டும்.

நான் கன்று வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேக்கோமா பூக்கும்போது அழகுதான், ஆனால் அது தென்னமெரிக்கப் பக்கத்து மரம், பூ ஒரு வாரம், நிழல் குறைவு. உங்களுக்கு வேண்டியது நிழல். இந்த மண்ணிலேயே இருக்கிற, நம் ஆட்களுக்கும் பெயர் தெரிந்த மரங்கள் மூன்றைச் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் புங்கா தஞ்சோங் என்பது நம்ம மகிழம். பெனாகா லாவுட் என்பது புன்னை. கெலெம்பாயான் என்பது கடம்பு. நர்சரியில் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும். மகிழமும் புன்னையும் மெதுவாக வளரும், ஆனால் அடர்ந்த நிழல், காற்றுக்கு அவ்வளவு எளிதில் ஒடியாது. கடம்பு வேகமாக உயரும், பெரிதாகும், அதனால் வீட்டோரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் வேண்டாம், திடலின் மூலையில் வையுங்கள்.

நடும்போது கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து மிதிக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அது பட்டையை அழுக வைக்கும். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை பக்கத்தில் இருந்தால், பழம் எடுத்த பிறகு மிஞ்சும் வெற்றுக் குலையைக் கேட்டு வாங்கி மூடாக்குப் போடலாம், தோட்டத்தில் செய்வது போல. ஆனால் ஒரே அடுக்கு மட்டும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ஈயும் மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தையும் மறக்காதீர்கள். புதிதாக 40 நடுவதை விட அது ஒன்று நிற்பது பெரிது. தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். 1880களில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சீராக்கி உண்டாக்கிய பூங்கா, நூறு வருஷத்தைத் தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து தண்ணீரைத் தொடுகின்றன. உங்கள் மரத்துக்கு அடியில் வண்டி நிறுத்த விடாதீர்கள். மண் இறுகினால் வேர் மூச்சு விட முடியாது.

ஜொகூர் பாலம்:

நான் தினமும் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவன். அங்கே பூங்கா வாரியம் 2005இல் கம்யூனிட்டி இன் புளூம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. குடியிருப்பு மக்களே குழுவாகச் சேர்ந்து தோட்டம் போடலாம், வாரியம் ஆலோசனை கொடுக்கும். இன்று ஆயிரத்துக்கும் மேல் தோட்டங்கள் இருக்கின்றன. இன்னும் பெரிய அளவில் பார்த்தால், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் சீரழிந்து கிடந்த காலத்தில், 1980இல், ஊர்மக்கள் பக்கத்திலிருந்து ஒரு அமைப்பு உருவாகி நகர நிர்வாகத்தோடு கைகோத்தது. இன்றும் அந்தப் பூங்காவைப் பராமரிப்பது அந்த அமைப்புதான், தொண்டர்களும் அதில் வேலை செய்கிறார்கள்.

நம்மிடம் அந்தக் காசு கிடையாது என்பது தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள். இந்தப் பாத்தி இவருடையது, இந்த ஓரம் அவருடையது என்று பிரித்திருப்பார்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டதெல்லாம் காய்ந்துதான் போகும். சிங்கப்பூரில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. நான் பார்த்த சில தோட்டங்களுக்கு வேலி போட்டுப் பூட்டு வைத்திருக்கிறார்கள். நம் திடலுக்கு அது வேண்டாம்.

ஓய்வு பெற்ற டீச்சர்:

பிள்ளைகளே, மரம், மண் எல்லாம் நன்றாகப் பேசிவிட்டீர்கள். நான் காகிதம் பற்றிப் பேசுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தாமான் என்ற மலாய்ச் சொல்லுக்கே பூங்கா என்றுதான் பொருள். வீடுகளுக்கு அந்தப் பெயரை வைத்து வைத்து, நமக்கு அது வீடமைப்புப் பகுதி என்று ஆகிவிட்டது. பெயரில் இருக்கிற பூங்கா தரையிலும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், வீடமைப்புத் திட்டத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்று திட்டமிடல் வழிகாட்டி சொல்கிறது. ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி என்பது நாடு வைத்திருக்கிற அளவுகோல்.

ஆனால் வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டியிருந்தால் போதாது. அந்த நிலம் அரசிதழில் பொது ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவு அது. அப்படி அறிவித்துவிட்டால், பிறகு ஒதுக்கீட்டை நீக்க 64ஆம் பிரிவின்படி விசாரணை வைத்து, ஆட்சேபம் சொல்ல நமக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அறிவிக்காத நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு நாள் காலையில் தகர வேலி நிற்கும், நம் கையில் கேட்கக் காகிதம் இருக்காது.

நமக்கு இது புதிய கதையா? தோட்டத்தில் நம் தாத்தாமார் பந்து விளையாடிய திடல், கட்டிய கோவில், லயத்துப் பின்னால் போட்ட காய்கறிப் பாத்தி, எதற்காவது காகிதம் இருந்ததா? மூன்று தலைமுறை பார்த்துப் பார்த்து வளர்த்த மண்ணை விட்டு, துணி மூட்டையோடு வெளியே வந்தோம். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கோவில் இருந்த மேடு மட்டும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், வாளி தூக்குகிற கையில் அந்த அரசிதழ் நகலும் இருக்க வேண்டும். நில அலுவலகத்துக்கு இரண்டு பேர் போய்க் கேளுங்கள், கழகத்தின் திட்டமிடல் பிரிவிலும் கேளுங்கள்.

கோத்தா டாமன்சாராவில் மக்கள் பல வருஷம் விடாமல் கேட்டு, 2010இல் 320 ஹெக்டர் அளவுள்ள காடு நிரந்தர வனக்காப்பாக அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில், ரிம்பா கியாரா பூங்காவில் வரவிருந்த அடுக்குமாடித் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் 172இல், 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளூர் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று இருக்கிறது. பட்டுப்போன மரம், உடனே ஆபத்து தரும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் தூங்குமூஞ்சி மரத்தின் சுற்றளவை இன்றைக்கே அளந்து, தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

லயத்துப் பையன்:

டீச்சர் சொன்ன ரிம்பா கியாராவில் நம் ஆட்கள் கதையும் இருக்கிறது, அதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பூங்காவின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் இருந்தவர்கள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள். 1980களில் தற்காலிகமாக என்று சொல்லிக் குடிவைத்தார்கள். நிரந்தர வீட்டுக்காக நாற்பது வருஷம் காத்திருந்தார்கள். அடுக்குமாடித் திட்டத்தில் அவர்களுக்கும் வீடு என்று சொல்லப்பட்டிருந்தது. பூங்காவுக்காக நின்றவர்கள் சொன்னது நியாயம். வீட்டுக்காக நின்றவர்கள் கேட்டதும் நியாயம். "பூங்காவைக் காப்பாற்றுவோம்" என்று நாம் எங்கே சொன்னாலும், அந்த மண்ணில் உழைத்தவன் எங்கே படுக்கிறான் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற டீச்சர்:

உண்மை, தம்பி. நான் விட்டுவிட்டேன். எழுதியதற்கு நன்றி.

இரண்டாம் ஷிப்ட்:

எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊரில் இதே மாதிரி வாக்காப் ஒன்று இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மேல் பையன்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். காலையில் போத்தல் உடைந்து கிடக்கும், பிள்ளைகளை எப்படி அனுப்புவது? நீங்கள் மரம் வைத்து நிழலும் கொடுத்தால் பகலிலும் வந்து உட்காருவார்கள். வாக்காப்பை இடித்துவிடச் சொல்லிக் கடிதம் போடுங்கள். ருக்குன் தெத்தாங்கா என்கிற அண்டைவீட்டார் அமைப்பை 1975இல் தொடங்கியதே ஊர் காவலுக்காகத்தானே, ஆள் போட்டுச் சுற்றி வாருங்கள்.

வரிசை வீடு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் செம்மண் சாலை அண்ணன் தாமான்தான். எங்கள் வாக்காப்பில் இரவில் உட்காருகிற பையன்களில் ஒருவன் என் தம்பி.

அப்பா இறந்ததிலிருந்து அவன் சரியாக இல்லை. தொழிற்சாலை வேலையை விட்டான், இப்போது லோரியில் உதவியாளாகப் போகிறான். நான் அவனுக்காக வாதாட வரவில்லை, போத்தல் உடைப்பது தவறுதான். ஆனால் வாக்காப்பை இடித்தால் அவன் ரப்பர் காட்டுக்குள் போய் உட்காருவான். அங்கே அவனுக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. இங்கே என் வீட்டு ஜன்னலில் இருந்து அவன் தலை தெரிகிறது. வெளிச்சம் போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இடிக்க வேண்டாம்.

இரண்டாம் ஷிப்ட்:

அக்கா, எனக்கு அது தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் என்பது நல்ல யோசனை. போத்தல் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் கவலைதான். என் மகள் கால் கிழிந்து நாலு தையல் போட்டோம்.

வரிசை வீடு:

பிள்ளைக்கு இப்போது பரவாயில்லையா? காலையில் ஆறரைக்கு நான் ஒரு வாளியோடு போய்ப் பொறுக்கிவிட்டு வருகிறேன். ஒரு மாதமாகச் செய்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

கட்டை ஒன்பது:

அக்கா, அந்த வாளியை நீங்கள் மட்டும் தூக்க வேண்டாம். அண்ணே, கவனியுங்கள். மறு ஞாயிறு மூன்று பேர்தான் என்றோம், தினமும் ஒருவர் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

நீலச் சட்டை:

டயர் என்று படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதி புதைத்த டயரின் உள்ளே மழைத் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலேயே டிங்கி. எடுத்துப் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் தரையை ஒட்டித் துளை போடுங்கள், பாதியில் மண் நிரப்புங்கள். கன்றுக்குச் சொட்டுநீர் என்று போத்தலைக் கவிழ்த்து வைக்கிறவர்கள், போத்தல் காலியானதும் எடுத்துவிடுங்கள், வெட்டிய வாயோடு நிமிர்த்தி விட்டுவிடாதீர்கள்.

செம்மண் சாலை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பாக்சிக் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசினோம். பால்மரத்து மகளின் அம்மாவும் வந்தார். முடிவு இதுதான்.

பெரிய கோத்தோங் ரோயோங் இந்த வருஷம் இல்லை. 40 கன்று வேண்டாம், 12 போதும். அதுவும் அக்டோபரில். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீடு பொறுப்பு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் முறை. 12ஐக் காப்பாற்றிக் காட்டினால் அடுத்த வருஷம் இன்னும் 12. கன்று கேட்டும், எங்கே நடப்போகிறோம் என்று வரைபடம் வைத்தும் கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். அடியில் தண்ணீர்க் குழாய் போகிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். விளக்குக்கு இன்னொரு கடிதம், 46 வீடு கையெழுத்து. சங்கமாகப் பதிய 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் போதும் என்று டீச்சர் தனியாக எழுதினார். இப்போதைக்கு ஏற்கனவே இருக்கிற ருக்குன் தெத்தாங்காவின் கீழேயே ஒரு குழுவாக இருக்கிறோம். நில அலுவலகத்துக்கு நானும் பாக்சிக்கும் போகிறோம்.

அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த முறை பிள்ளைகள் நடும்போது பையைக் கிழிப்பதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவாராம். பால் வெட்டுகிற கத்தி இன்னும் அவரிடம் இருக்கிறது.

செம்மண் சாலை:

ஏப்ரலில் தொடங்கிய இழை, இது நவம்பர் கடைசி. நிலவரம் சொல்ல வந்தேன்.

அக்டோபர் நடுவில் நட்டோம். ஐந்து மகிழம், நாலு புன்னை, மூன்று கடம்பு. 11 நிற்கிறது. ஒரு மகிழம் பந்து பட்டு ஒடிந்தது, அடியிலிருந்து துளிர் வருகிறது, அம்மா பிடுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாத் தண்டிலும் குழாய்க்காப்பு. புல் வெட்ட வருகிற தம்பியிடம் பேசினோம், பங்களாதேஷ்காரர். அவர் ஊரில் மகிழத்துக்கு பொகுல் என்று பெயராம். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மெசினை அணைத்துக் கீழே வைத்தார், கன்றைச் சுற்றிக் கையாலேயே புல்லைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டயர்களை எடுத்தாகிவிட்டது. ஊஞ்சல் இன்னும் வரவில்லை, இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம். வாக்காப்புக்கு விளக்கு வந்தது. போத்தல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

நில அலுவலகம் மூன்று தடவை போன பிறகு பதில் வந்தது. திடல் அரசிதழில் இருக்கிறது. நகலைச் சட்டம் போட்டுக் கோவில் அலுவலகத்தில் ஒன்றும் சூராவில் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். தூங்குமூஞ்சி மரம் நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 4 மீட்டர் 10 சென்டிமீட்டர். கயிறு பிடிக்க மூன்று பிள்ளைகள் வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற டீச்சர்:

நகலில் எல்லை வரைபடமும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள், தம்பி. எண் மட்டும் இருந்தால் போதாது. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

செம்மண் சாலை:

இருக்கிறது டீச்சர், பின்பக்கம்.

கட்டை ஒன்பது:

ஜனவரி வருகிறது, அண்ணே. முறைப் பட்டியலை மார்ச் கடைசி வரை நீட்டி வையுங்கள். இந்த வாரமே மழை இரண்டு நாள் விட்டிருக்கிறது. புதன் முறை யாருடையது?

வரிசை வீடு:

தம்பியுடையது. காலை ஆறரைக்குப் போனான். மண்ணில் விரல் விட்டுப் பார்த்தானாம், ஈரம் இருந்ததாம், அதனால் ஊற்றவில்லை. மூன்றாவது புன்னையின் குழாய்க்காப்பு சாய்ந்திருந்ததாம், நேராக்கிவிட்டு லோரிக்குப் போனான்.